நின்றே இருந்த பொம்மை

அமுதவல்லிக்கு ஏழு வயதில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொம்மை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் நேராக ஷோகேஸுக்குள் போனது. படுக்கவைத்தால் கண்ணை மூடும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அவள் பார்த்ததில்லை. அழுக்காகிவிடும் என்று அம்மா பூட்டிவிட்டாள். முப்பத்தொன்பது வருடங்களாக அது கண்ணாடிக்குப் பின்னால் விழித்தபடியே நின்றது.

வெள்ளையடிப்பதற்காக ஷோகேஸைக் காலி செய்த அன்று, அம்மா அதை எடுத்து நீட்டினாள்.

"இந்தாடி, உன்னோடதுதானே. வச்சு விளையாடு."

"எனக்கு நாப்பத்தாறு வயசாகுதும்மா."

"அதனால என்ன? யாரு உன்னை அடிக்கப் போறா?"

சிரித்து மழுப்பத்தான் அமுதவல்லி நினைத்தாள். அதற்குள் உறையைக் கிழித்திருந்தாள். தரையிலேயே உட்கார்ந்து பொம்மையை மடியில் கிடத்தினாள். இமைகள் டக்கென்று இறங்கின. நிமிர்த்தினாள், திறந்தன. மறுபடியும் கிடத்தினாள். ஏன் பூட்டினாய் என்று இன்றாவது கேட்டுவிடலாமென நிமிர்ந்தபோது, அம்மாவும் எதிரில் உட்கார்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு தடவைகூடவா படுக்கவச்சுப் பாக்கல?"

"உனக்கே குடுக்கல. நான் எப்படிடி எடுப்பேன்?" அம்மா தயங்கினாள். "எனக்கெல்லாம் சின்ன வயசுல பொம்மைன்னு ஒண்ணு வந்ததே இல்ல. எங்கிட்டக் கொஞ்சம் குடேன்."

கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அமுதவல்லிக்கும் தோன்றியது. ஆனால் பொம்மையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"இரும்மா. இப்பத்தானே கைக்கு வந்துச்சு."

அம்மா நீட்டிய கைகளை மடக்கிக்கொள்ளவில்லை.