பிடியை விடாத ரப்பர்

மலைப்பாதையில் ஓடும் பழைய ஜீப் ஒன்றில், முன்கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருந்த ரப்பருக்குத் தலைக்கனம் அதிகம். மழை வந்தால் டிரைவரின் மடியில் தண்ணீர் சொட்டும். உடனே ரப்பர் கண்ணாடிமேல் பாயும்.

"உன் ஓரம்தான் கோணல்!"

"நீதானே வெடிச்சுப்போய்க் கிடக்கிற?" என்றது கண்ணாடி.

"நான் பிடிய விட்டா நீ ரோட்டுல சில்லு சில்லாக் கிடப்ப. வாய மூடு!"

டிரைவரும் ரப்பரை நம்பி, கண்ணாடியை மட்டும் மாற்றினார். அடுத்த மழையிலும் மடி நனைந்தது.

"புதுசுக்கு ஒழுங்கா உட்காரத் தெரியல" என்றது ரப்பர்.

கடைசியில் மெக்கானிக் அதைக் கத்தியால் கீறி உரித்தார். அடியில் தகரம் துருப்பிடித்து உதிர்ந்தது.

"தகரம் மட்டம்! அதுக்கு நான் என்ன பண்ண?" என்று கத்திக்கொண்டே ரப்பர் ஷெட் வாசலில் போய் விழுந்தது.

அவர் துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, அது காய்ந்ததும் புது ரப்பரோடு கண்ணாடியை மாட்டினார்.

வண்டி வெளியே வந்த அன்றைக்கே மழை கொட்டித் தீர்த்தது. ஜீப்புக்குள் ஒரு சொட்டு இல்லை. சேற்றில் கிடந்த பழைய ரப்பர் அதை எட்டிப் பார்த்தது.

"ம்க்கும்! முந்தி மாதிரி இப்பல்லாம் மழை எங்க பெய்யுது?"