யுசேபியோ உடைத்த கிட்டார்

எங்கள் மக்தான் தீவில் கிட்டார் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சனிக்கிழமை வரும் சுற்றுலா வேன்கள் எல்லாம் யுசேபியோவின் வாசலில்தான் நிற்கும்.

காரணம், அவர் கிட்டார் உடைப்பார்.

சுவரில் தொங்குவதில் ஒன்றை எடுப்பார். மேல்பலகையைத் தட்டி, காது வைத்துக் கேட்டு, முகம் சுளிப்பார். "என் பேரைச் சொல்லிக்கிட்டு இது வெளியே போகக் கூடாது" என்று மேஜை முனையில் ஓங்கி ஓர் அடி. கூட்டம் கை தட்டும். மற்றதையெல்லாம் பேரம் பேசாமல் வாங்கிப் போகும்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஆரம்பிப்பதற்குள் டெல்ஃபின் என்பவன் முந்திக்கொண்டான். கப்பலில் சமையல்காரன். திங்கள்கிழமை ஏறினால் ஒன்பது மாதம் கடல்தான். கோடியில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசித்தான். வேனில் வந்த அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவன் கையில் எதுவும் பேசும்.

"அண்ணே, எனக்கு இதுதான்," என்றான்.

யுசேபியோவுக்கு வேர்த்துவிட்டது. நல்ல பலாக்கட்டையில் செய்த இன்னொன்றைக் காட்டி, அதே விலைக்கே தருகிறேன் என்றார். பாதி விலைக்கு என்றார். அவன் மசியவில்லை.

மூத்த தச்சன் கிரிஸ்புலோவை உள்ளே இழுத்துப் போனார்.

"உடைக்கிறதுக்குன்னே செஞ்சதுடா அது. பழைய பெட்டிப் பலகை. உப்புக் காத்துல ஒரு வாரம் தாங்காது, கழுத்து கழண்டு கையோட வந்துரும்."

"வரட்டுமே முதலாளி. நடுக்கடல்லேருந்து வந்தா கேக்கப் போறான்? உண்மையைச் சொன்னீங்கன்னா, நாலு வருஷமா உடைச்சதெல்லாம் பெட்டிப் பலகைதான்னு ஊரே சிரிக்கும். பேசாம வித்துடுங்க."

யுசேபியோ வெளியே வந்தார். டெல்ஃபின் கிட்டாரை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒன்பது மாதம் அவனுக்குத் துணையாக இருக்கப்போவது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

"கொடு தம்பி, ஒரு தடவை பாத்துடறேன்."

வாங்கினார். இந்த முறை தட்டவில்லை, காது வைக்கவில்லை, முகமும் சுளிக்கவில்லை. நேரே மேஜை முனையில் ஒரே அடி.

ஒருவரும் கை தட்டவில்லை.

"நல்லாத்தானே பாடிச்சு, அண்ணே?" என்றான் டெல்ஃபின்.

பலாக்கட்டைக் கிட்டாரை அவன் கையில் திணித்தார். காசு வேண்டாம் என்றார். அவன் அரை மனசோடு வாங்கிக்கொண்டு, தரையில் கிடந்த துண்டுகளையே பார்த்தபடி வெளியேறினான். மற்றவர்கள் ஒன்றுகூட வாங்காமல் பின்னாலேயே போனார்கள்.

வேன் டிரைவர் மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நேர்மையான ஆளுன்னு நாலு வருஷமா ஜனங்களைக் கூட்டிட்டு வந்தேன்," என்றார். "இன்னிக்குத்தானே தெரியுது, எல்லாம் நாடகம்."