ஒட்டிக்கொண்ட பக்கம்

தடித்த அகராதிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? சௌந்தரவல்லி அம்மாள் புதுக் கணினிக்குப் பழந்தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். திரை தாழ்வாக இருக்கிறதென்று அகராதியை அதன் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஒரு நாள் பழம்பாட்டு ஒன்றில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் கணினி திருதிருவென விழித்தது.

"என்னடா, வாய் அடைச்சுப் போச்சா?" என்று அகராதி சிரித்தது.

அம்மாள் அகராதியை உருவி எடுத்து, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினாள். அகராதிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் அவள் தேடிய பக்கத்தை மட்டும் இறுக்கி ஒட்டிக்கொண்டது.

"பூச்சி அரிச்சுப் போச்சு. இனி இது உதவாது" என்ற அம்மாள், தோராயமாக ஒரு பொருளைக் கணினியில் தட்டிவைத்தாள்.

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?" என்றது கணினி.

"சொன்னா உனக்கும் தெரிஞ்சிடுமேடா!"

மறுநாள் கணினிக்கு மரப்பலகை வந்தது. அகராதி பரணுக்குப் போனது. கீழே கணினி, கேட்டவர்களுக்கெல்லாம் தப்பான பொருளையே சொல்லிக்கொண்டிருந்தது. அகராதி சரியான பொருளைத் தொண்டை கிழியக் கத்தியது.

பக்கத்தில் கிடந்த இறக்கை ஒடிந்த மின்விசிறி கேட்டது: "இப்ப யாருக்குய்யா சொல்றே?"