நடு எழுத்து

கேக்கில் எழுத எலக்ட்ரீஷியன் போனில் சொன்ன வாசகத்தை கேக் கடை அக்கா மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"ஹேப்பி பர்த்டே மை சன். அவ்வளவுதாம்மா. பேரு இந்தத் தடவை வேணாம்."

அக்கா சூடு கண்ட பூனை. மாவுக்கும் பூவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை. ஒருமுறை மொத்த வியாபாரக் கடைக்கு எழுத்து மாற்றி மெசேஜ் அனுப்பிவிட்டாள். மைதாவுக்குப் பதில் ஒரு பெட்டி பிளாஸ்டிக் ரோஜா வந்து இறங்கியது. தெருவே சிரித்தது. அந்த ரோஜாக்கள் இன்னும் கடை ஜன்னலில் வாடாமல் இருக்கின்றன.

அதனால் இந்தத் தடவை கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து யோசித்தாள்.

சூரியனும் சன்தான், மகனும் சன்தான். காதுக்கு இரண்டும் ஒன்று. எழுதும்போது நடு எழுத்து மட்டும் மாறும்.

எலக்ட்ரீஷியனுக்கு இருப்பது ஒரே பெண். அது தவழ்ந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் கேக் செய்து கொடுப்பவளுக்கு இது தெரியாதா?

கேட்ட கேள்விக்கே பாதி பதில் சொல்கிற மனுஷன், பெண்ணைச் சூரியன் என்கிறார். அக்காவுக்கு மனசு குளிர்ந்துபோனது. யாரும் கேட்காமலேயே ஓரமெல்லாம் மஞ்சள் கிரீமில் கதிர் வரைந்தாள்.

சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே வந்தார்கள்.

பிள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தது. அப்பாவின் கட்டம் போட்ட சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டிருந்தது. இந்தக் காலத்துப் பெண்கள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே அக்கா பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பிள்ளை எட்டிப் பார்த்து வாசித்தது. கடைசி வார்த்தையில் கண் ஒரு கணம் நின்றது. "நல்லாருக்குப்பா," என்று சொல்லிவிட்டு, மூடியைப் போடத் தானே கையை நீட்டியது.

எலக்ட்ரீஷியன் அசையவில்லை.

கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் அவரோடு வேலை பார்ப்பவர். கேக்கை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசி வார்த்தையில நடு எழுத்து தப்பா இருக்கும்மா. மேல திறந்திருக்கு. மூடணும்."

அக்கா குனிந்து கேக்கைப் பார்த்தாள். மறுபடியுமா?

"சூரியனுக்கு இதுதான்ணே எழுத்து. பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

"சூரியன் இல்லம்மா."

அவர் கையைத் தூக்கிப் பிள்ளையின் தோளில் வைத்தார்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை கேக்கைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்திருந்தது.

ரொட்டி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா கிரீம் கூம்பை எடுத்து, கிண்ணம் போல் திறந்திருந்த எழுத்தின் வாயை ஒரே இழுப்பில் மூடினாள். சூரியன் மகனாயிற்று.

மூடியைப் போட்டு, நாடாவைக் கட்டி, பெட்டியை மேஜைக்கு மேலாக நீட்டினாள்.

"சாய்க்காமப் பிடிச்சுக்கோ, தம்பி."