ஜன்னல் வாங்க வந்த சார்

"வாங்க சார், வாங்க. உக்காருங்க. ஃபேனைப் பெருசா வைக்கட்டுமா?"

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஜன்னல் கடை வைத்திருக்கும் பஞ்சநதம், இருந்த ஒரே நாற்காலியைத் துண்டால் தட்டித் துரைராசுவின் பக்கம் நகர்த்தினார். துரைராசு தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். அவருடன் வந்த சுடர்விழி நின்றாள்.

"வீடு கட்டுறேங்க. மன்னார்குடிக்கு இந்தப் பக்கம். தளம் போட்டாச்சு, ஜன்னல் பாக்கணும்," என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்ற பஞ்சநதம் துரைராசுவிடம் திரும்பினார். "மொத்தம் எத்தனை ஜன்னல் சார்?"

"அவங்களைக் கேளுங்க."

"பதினொண்ணு," என்றாள் சுடர்விழி.

"பதினொண்ணுன்னா பெரிய வீடாத்தான் கட்டுறீங்க சார்!"

சுடர்விழி நெல் அறுக்கும் மெஷின் இரண்டு வைத்துச் சுற்றுவட்டாரம் முழுக்க வாடகைக்கு விடுகிறவள். புயலில் ஓட்டு வீடு போனபின் வாடகை வீட்டில் காலம் தள்ளி, ஒவ்வொரு அறுவடையிலும் சேர்த்துச் சேர்த்துக் கட்டுகிற வீடு இது. இனி ஒரு சொட்டு மழைத்தண்ணீர்கூடத் தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

"ஐப்பசி மழை சாய்ச்சு அடிக்கும்ங்க. இந்தத் தள்ளுற ஜன்னல்ல கீழ தண்ணி நிக்குமே, அது வெளிய போறதுக்கு வழி இருக்கா?"

பஞ்சநதத்தின் முகம் மலர்ந்தது. "அருமையாக் கேட்டீங்க சார்!" என்றார் துரைராசுவிடம். "இங்க குனிஞ்சு பாருங்க. அடியில ஓட்டை வச்சிருக்கோம். எவ்வளவு அடிச்சாலும் நிக்காது."

துரைராசு குனிந்து பார்த்தார். சுடர்விழியும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வீட்டைச் சுத்தி வயலு. அறுப்பு நேரத்துல தூசி வந்து வலையில அப்பிக்கும். கொசுவலையைத் தனியாக் கழட்டிக் கழுவலாமா?"

"கழட்டலாம் சார். மேல தூக்கினா வந்துடும்."

"பிளாஸ்டிக் சட்டத்துக்கு உள்ள கொடுக்கிற இரும்பு எவ்வளவு கனம்?"

"அது டெக்னிக்கல்மா, உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி? இந்தாங்க, நீங்க கலரைப் பாருங்க." வண்ண அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, இரும்பின் கனத்தைத் துரைராசுவின் காதருகே விளக்கமாகச் சொன்னார். டீ வந்தது. ஒரே ஒரு டீ. அதுவும் துரைராசுவுக்கு.

"வேற எங்கயாச்சும் விசாரிச்சீங்களா சார்?"

துரைராசுவுக்கு டீ புரையேறியது.

"திருவாரூர்ல ஒரு கடையில பாத்தேன்," என்றாள் சுடர்விழி.

"ஐயையோ, அந்த ஊர்க் கோயிலுக்குப் போற வழியில புதுசாத் திறந்திருக்கானே, அவனா? ஆளை நான் பாத்ததில்ல சார், ஆனா வேலையைப் பாத்திருக்கேன். ஜன்னலைச் சாத்தினாலும் கொசுவுக்குன்னு தனியா ஒரு வழி விட்டிருப்பான். ரெண்டு மழைக்கு ரப்பர் கையோட வந்துடும். போன மாசம் ஒருத்தர் அங்க மாட்டின ஜன்னலைத் திறக்க முடியாம, கொல்லைப்பக்கமாப் போய் வெளியில இருந்து தள்ளினாராம்!"

துரைராசுவின் காதுமடல் சிவந்தது. "அப்படியெல்லாம் இருக்காதுங்க. அது வந்து..." என்று ஆரம்பித்தார். சுடர்விழி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தார்.

'பாவம், வீட்டுல இவருக்குப் பேச்சே கிடையாது போலிருக்கு' என்று பஞ்சநதத்துக்கு இரக்கமாக இருந்தது. அந்த இரக்கத்திலேயே விலையையும் போட்டார். கால்குலேட்டரைத் தட்டி, தாளில் எழுதி, சுடர்விழி நீட்டிய கையைத் தாண்டித் துரைராசுவிடம் கொடுத்தார்.

"யாருக்கும் போடாத விலை. சார் முகத்துக்காகப் போட்டது. மாட்டித் தர்றதுக்குத் தனிக் காசு கிடையாது. அஞ்சு வருஷம் கேரண்டி."

துரைராசு அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் கீழிருந்து மேலே படித்தார். நெற்றியில் வியர்த்தது.

"இந்த விலைக்கு எப்படிங்க உங்களுக்குக் கட்டுபடியாகுது?" அவர் குரலில் நிஜமான வேதனை இருந்தது.

அன்றைக்கு அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். பஞ்சநதம் நெகிழ்ந்துபோனார்.

"சார்கிட்ட என்ன ஒளிவு மறைவு? நடுவுல ஏஜெண்டே கிடையாது. கோயம்புத்தூர்ல இருந்து நேரா எடுக்கிறேன். நாலு கடைக்காரங்க சேந்து ஒரே லாரியில ஏத்திக்குவோம். இதை வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேங்க," என்றார் துரைராசு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே.

சுடர்விழி வண்ண அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுத் துரைராசுவிடம் திரும்பினாள். "பாத்துட்டீங்கள்ல சார்? இதுக்குக் கீழ நீங்க போடுவீங்களா, இல்ல நான் இவர்கிட்டயே ஆர்டர் சொல்லிடட்டுமா?"

பஞ்சநதத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஏம்மா, வீட்டுக்காரரைப் போய் யாராச்சும் இப்படிக் கேப்பாங்களா?"

"என் வீட்டுக்காரர் வயல்ல நிக்கிறாருங்க. நீங்க சொன்னீங்களே திருவாரூர்க் கடை, அதோட முதலாளிதான் இவரு," என்றாள் சுடர்விழி. "முந்தாநாள் இவரு கடைக்குப் போனப்ப, இவரும் என் மூஞ்சியைப் பாத்துப் பேசல, கூட வந்த என் மெஷின் டிரைவரைத்தான் நாற்காலியில உக்கார வச்சு விலை சொன்னாரு. அதான் இங்க பேசுறதுக்கு ஆம்பளைத் துணை வேணுமேன்னு இவரையே கூட்டியாந்தேன்."