மூளி யானை

ஆலை வாசலில் நின்ற சலவைக்கல் யானைக்கு ஆயுத பூஜை நெருங்க நெருங்கக் கவலை கூடியது. தும்பிக்கை நுனி கரைந்துபோயிருந்தது. மூளியான சிலையை யாரும் வாசலில் வைத்திருக்க மாட்டார்கள்.

மழை வந்ததும் யானை பிடித்துக்கொண்டது. "ஏன்டி, குளிப்பாட்டத்தானே வர்றே? என்னை எதுக்கு அரிக்கிறே?"

"மேலே இருக்கிறப்போ நான் நல்ல தண்ணிதான் அக்கா. வர்ற வழியில இவன் விடுற புகை என்மேல ஏறிக்குது. புளிச்சுப்போய்த்தான் உன்கிட்ட வந்து சேர்றேன்" என்றது மழை.

உயரத்தில் நின்ற புகைபோக்கி சிரித்தது. "நான் உன்னைத் தொட்டேனா? என் புகை வானத்துக்குப் போகுது. கீழே இறங்குறது அவ. என்னை எதுக்கு வம்புக்கு இழுக்கிறே?"

"ஆமாமா, நீ மகா யோக்கியன்" என்றது யானை.

பூஜையன்று முதலாளி யானையைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையில் கல் மாவாக ஒட்டியது.

"மட்டமான கல்லு. வித்தவன் ஏமாத்திட்டான். இந்த மூளியைப் பின்னால கொண்டுபோய்ப் போடுங்க."

யானையைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அதற்கென்று வாங்கிய சாமந்தி மாலையைப் புகைபோக்கியின் அடியில் கட்டி, முதலாளி கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே இருமினார்.