நல்ல பாம்புதாங்க!

"நல்ல பாம்புங்க! யாரும் கிட்ட வராதீங்க!"

மூட்டை அடுக்குக்குப் பின்னாலிருந்து நெடுமாறன் போட்ட சத்தத்தில், கம்போடு ஓடிவந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள்.

நன்னிலம் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையம். சம்பா அறுத்து நெல்லைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, எடை போடும் முறைக்காக நாலு நாளாகக் காத்திருக்கும் கூட்டம். காலையிலிருந்து ஒரே பேச்சு, எலி சாக்கைக் கடித்து நெல்லைத் தின்கிறது என்பதுதான். அதற்கு நடுவில் மூட்டைகளுக்குள் ஒரு வால் சரசரவென்று ஓடி மறைய, ஆளுக்கொரு கம்பைத் தூக்கிவிட்டார்கள்.

"நல்ல பாம்பா?" ராஜராஜன் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "நாலு நாளா இங்க ஒரு ஆபீசர் எட்டிப் பாக்கல. தெய்வம் வந்து பாத்துட்டுப் போவுது பாருங்க."

பிரகதாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாராவது டீக்கடையில ஒரு டம்ளர் பால் வாங்கியாங்களேன்!"

செம்மொழிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஜுவாலஜி எடுப்பவள். சனிக்கிழமை லீவு என்பதால், நெல்லுக்குக் காவல் கிடக்கும் கணவன் சேரனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அடுக்கின் மறுபக்கம் நின்றதால், நெடுமாறன் பாம்பைப் பிடித்ததை முழுசாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஆறடி நீளம். மஞ்சள் கலந்த பழுப்பு. படம் எடுக்கவே இல்லை. சுழன்று சுழன்று திமிறி, நெடுமாறனின் மணிக்கட்டில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் சாக்குக்குள் போனது. அசல் சாரை. துளி விஷம் கிடையாது. அவனும் கடிபட்ட கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சாக்கின் வாயைக் கட்டினான்.

மூட்டை தூக்கும் நெடுமாறனுக்கு இந்த வட்டாரத்தில் பெரிய பேர். இதுவரை அறுபது நல்ல பாம்பு பிடித்திருக்கிறானாம். அறுபதும் இந்த லட்சணம்தானா?

செம்மொழி நேரே அவனிடம் போனாள்.

"ஏங்க, பாம்பு படம் எடுக்கலன்னு நீங்க படம் காட்டுறீங்களா?"

நெடுமாறன் முகம் வெளுத்தது. "டீச்சர்... கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மெதுவாவது! கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல் அவளுக்கு.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! அது நல்ல பாம்பே இல்ல. வெறும் சாரை! விஷம் கிடையாது. யாரும் பயப்பட வேணாம்!"

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமென்று ஆடின. பாடம் புரிந்துவிட்டது என்று செம்மொழி நினைத்தாள்.

"சாரையா?" ராஜராஜன் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பை எடுத்தார். "இதுக்கா செருப்பைக் கழட்டினேன்? சாக்கைக் கீழ போடுய்யா. நாலு சாத்து சாத்தினா ஆச்சு."

"ஆமாங்க, விடாதீங்க! சாரை வாலால அடிச்சா கை கால் அழுவிப் போயிடும்!" சற்றுமுன் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே பிரகதாம்பாள்தான். பால் வாங்கப் போனவர்கூடப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்.

"அய்யோ, வாலு ஒண்ணும் பண்ணாதுங்க! அது எலியைத்தான்..."

செம்மொழி கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. நெடுமாறன் சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினான். மூட்டைகள் முதுகில் இடித்தன. அதற்கு மேல் போக இடமில்லை. செம்மொழியைப் பார்த்தான். இப்ப திருப்திதானே என்று கேட்பது போல இருந்தது.

அறுபதும் ஏன் நல்ல பாம்பாயின என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நில்லுங்க! ஒரு நிமிஷம் நில்லுங்க!"

கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நெடுமாறன் பக்கம் போய், சாக்கின் வாயை விரல் நுழையும் அளவு விலக்கி உள்ளே பார்த்தாள். சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"ஐயய்யோ, கண்ணாடி போடாமப் பாத்துட்டேங்க. நல்ல பாம்புதாங்க!"

கம்புகள் மறுபடி கீழே போயின. செருப்புகள் மறுபடி கழன்றன. கூட்டம் இரண்டாகப் பிரிந்து நெடுமாறனுக்கு வழி விட்டது.

"ஏங்க, சாரைக்கும் நல்ல பாம்புக்கும் வித்தியாசம் தெரியல. இந்த டீச்சர்கிட்டதான் எம் பொண்ணு பன்னெண்டாவது படிக்குது. வெளங்கிடும்!" என்றார் ராஜராஜன். நிலையமே சிரித்தது. சேரனும் சேர்ந்துதான் சிரித்தான். செம்மொழி காது சிவக்க நெடுமாறன் பின்னால் நடந்தாள்.

வாய்க்கால் கரையில் சாக்கை அவிழ்த்ததும் சாரை வெளியே பாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் வரப்பு தாண்டிப் போய்விட்டது.

"மொதல்ல அந்தக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஆஸ்பத்திரியில காட்டி ஊசி போட்டுக்குங்க," என்றாள் செம்மொழி. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "பத்தொம்பது வருஷ சர்வீஸ்ல பாம்பைப் பத்தி நான் சொன்ன மொதப் பொய் இது. உங்களாலதான்!"

நெடுமாறன் காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டான்.

"என்ன பொய் சொன்னீங்க? நம்ம நெல்லைத் திங்கிற எலியைத் திங்க வந்துச்சு. அது நல்ல பாம்பு இல்லாம வேற என்ன பாம்பு டீச்சர்?"